சாமிகள் குடியிருந்த கணினி

அம்மனின் இடது கண்ணை அரை அங்குலம் மேலே தள்ள வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வேலை.

படம் எடுத்தபோது கேமரா வெளிச்சம் பட்டு, சிலையின் வெள்ளிக் கண்மலர் ஒன்று வெறும் வெள்ளைப் பொட்டாகிவிட்டது. இன்னொரு படத்திலிருந்து நல்ல கண்ணை வெட்டியெடுத்து இதில் ஒட்டியிருந்தேன். ஒட்டிய கண் கன்னத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மவுஸால் அதைப் பிடித்து மேலே இழுத்தேன். திரையில் சின்ன நீல வட்டம் ஒன்று தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது.

நான் எழுந்து போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தேன். தேநீர் கலக்கினேன், குடித்தேன், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். துவைத்து வைத்திருந்த துணிகளைக் கொடியில் காயப்போட்டேன். அதில் ஒரு சட்டைக்குப் பொத்தான் இல்லை என்று கண்டு, ஊசி தேடி, கிடைக்காமல் விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது கண் மூக்கருகே வந்திருந்தது.

"கண்ணு வந்திருச்சா?" சமையலறையிலிருந்து என் மனைவி சரசு கேட்டாள்.

"வந்துக்கிட்டு இருக்கு."

"எங்க வந்திருக்கு?"

"மூக்குத்தி கிட்ட."

"கோப்பெங் போற பஸ்ஸே இதவிட வேகமா வந்துரும்."

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மணி ஒன்பது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எட்டாங்கட்டை அம்மன் கோயிலில் தீமிதித் திருவிழா. கோயில் வாசலில் கட்டுகிற இருபதடி பேனரை ஆண்டுதோறும் செய்பவன் நான். ஈப்போவில் பேனர் அச்சடிக்கும் கடைக்காரர், "நாலு மணிக்கு மேல வேற பெரிய வேலைய மெஷின்ல ஏத்திருவேன், அப்புறம் திங்கக்கெழமதான்" என்று சொல்லியிருந்தார்.

அதைவிடக் கடுமையான கெடு கோயில் தலைவரிடமிருந்து வந்திருந்தது. தலைவர் கோவிந்தசாமி, சரசுவின் அண்ணன். எனக்கு மச்சான். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து, கணினிக்குப் பின்னால் நின்று, அந்த நீல வட்டத்தைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"மாப்ள, வெள்ளிக்கிழம நாலு மணிக்குள்ள முடிஞ்சாப் பாரு. இல்லாட்டி வுட்டுரு. என் மருமக கைப்போன்லயே பத்து நிமிசத்துல பண்ணிருமாம். பாவம், நீ எதுக்கு சூசா பட்டுச் செரமப்படுற. அடுத்த வருசத்துலேர்ந்து ஒன்ன நாக்காலி தொடைக்கிற குழுவுல போட்டுர்றேன்."

இதை அவர் அன்பாகச் சொன்னதுதான் கொடுமை.

திருவிழா அன்று என் சட்டையில் 'விளம்பரம்' என்று எழுதிய மஞ்சள் பேட்ஜ் குத்துவார்கள். ஆறேழு பேர் மட்டுமே அணிகிற பேட்ஜ் அது. அதைக் குத்திக்கொண்டவன் அன்னதானத்தில் வரிசையில் நிற்க வேண்டாம். நேரே அண்டாவுக்குப் போகலாம். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம். அது என் சட்டையிலிருந்து கழன்று விழும் சத்தம் செவ்வாய்க்கிழமையே எனக்குக் கேட்டுவிட்டது.

கை பார்த்த உத்தியோகம்

போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நீங்கள் என்ன படித்தவர்?" என்று கேட்டிருந்தார். சந்தேகத்தில் கேட்டிருக்கிறார் என்பது எழுத்திலேயே தெரிந்தது. சொல்லிவிடுகிறேன்.

எட்டாங்கட்டை என்பது கோப்பெங் பக்கம் இருந்த ரப்பர் தோட்டம். அப்பா அங்கே பால்மரம் வெட்டினார். நான் ஈப்போவுக்கு வந்து ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஆக எங்கள் குடும்பம் ரப்பரை விட்டு விலகவே இல்லை. மரத்தடியிலிருந்து மெஷினடிக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

அங்கே எனக்கு முப்பது வருடம் ஒரே வேலை. கை பார்ப்பது. மெஷினிலிருந்து கை கையாக வரும். ஒவ்வொன்றிலும் காற்றை அடைத்து, ஓட்டை இருக்கிறதா, விரல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். சில வருடங்களில் தூக்கத்திலும் கைகள் வரிசையாக வந்து போயின. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டேன், கைவிரலைத்தான் எண்ணுவேன்.

ஓய்வு பெற்ற நாளில் மேலாளர் என்னை மேடையில் நிறுத்தி, "இவர் கண்ணிலிருந்து ஒரு கைகூடத் தப்பாது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். இந்த வரியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். பின்னால் என்னை அடிக்க உதவும்.

ஓய்வுக்குப் பிறகு, மூடப்போகிற ஒரு கிளினிக்கிலிருந்து இந்தக் கணினியை வாங்கினேன். அப்போதே அதற்கு வயதாகியிருந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 'அடுத்த நோயாளியின் எண்?' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். முதல் நாள் 'ஒன்று' என்று அடித்தேன். அதன் பிறகு தினமும் நானே முதல் நோயாளி.

படம் வெட்டி ஒட்டுகிற மென்பொருளை யாரோ போட்டுக் கொடுத்தார்கள். நானாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். என் முதல் பேனரில் தீ மிதிக்கும் பக்தர் ஒருவருக்குக் காலைப் போட மறந்துவிட்டேன். பக்திப் பரவசத்தில் மிதக்கிறார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

குப்பையில் யாரைப் போடலாம்

அந்த முதல் வருடத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. அம்மன் படத்தைப் பெரிதாக்கிவிட்டேன். பேனரில் மற்ற எதற்கும் இடமில்லை. சரி, இதை அழித்துவிட்டுச் சின்னதாகப் போடலாம் என்று மவுஸால் இழுத்து, திரையின் மூலையில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் கொண்டுபோய் விட்டேன். சரசு அப்போது விளக்கேற்ற வந்துகொண்டிருந்தாள்.

"அது என்னாங்க கூட மாதிரி?"

"குப்பத்தொட்டி."

"அம்மனையா குப்பையில போட்டீங்க?"

அவள் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்த விதம்தான் சரியில்லை. அன்று மாலையே குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்தேன். குளியலறையில் நான் அதற்கு முன்பும் பலமுறை விழுந்திருக்கிறேன். ஆனால் அதையெல்லாம் எடுத்துச் சொல்லும் நிலையில் நான் அப்போது இல்லை.

அன்று முதல் என் கணினியில் எதையும் அழிப்பதில்லை. சாமி படம் போட்ட பழைய காலண்டரை நாம் குப்பையில் போடுவோமா? கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மரத்தடியில்தானே கொண்டுபோய் வைக்கிறோம். பேனரிலும் அப்படித்தான். ஒருமுறை மச்சான் பழைய பேனரில் அம்மன் இருந்த பகுதியை மட்டும் மரியாதையாக வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தைத் தன் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டார். மிச்சத்தில் இருந்தது அவர் முகம். ராத்திரியும் பகலும் அந்த முகத்தை அண்ணாந்து பார்த்த கோழிகள் முட்டை போடுவதை நிறுத்திவிட்டன.

கணினியில் மரத்தடி கிடையாது. ஆனால் ஒரு வசதி இருந்தது. பேனர் படம் என்பது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி. ஒரு தாளில் அம்மன், ஒரு தாளில் விளக்கு, ஒரு தாளில் எழுத்து. இந்தத் தாளுக்கு லேயர் என்று பேர். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு கண் போட்டிருக்கும். அந்தக் கண்ணை மூடினால் படம் மறையும், ஆனால் அழியாது.

வருடா வருடம் நான் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். போன வருட அம்மன், அதற்கு முந்தைய வருட அம்மன், பிள்ளையார், முருகன் குடும்பத்தோடு, முனீஸ்வரர் சுருட்டோடு, காலமாகிவிட்ட கமிட்டிக்காரர்கள் வேட்டி சட்டையோடு. எல்லாரும் ஒரே கோப்புக்குள். அடுத்த வருடம் அதே கோப்பைத் திறந்து, மேலே புதிய அம்மனை வைப்பேன்.

மச்சானின் தோள்

மச்சானின் படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வம்பே அங்கேதான்.

மச்சானுக்குப் புதிதாகப் படம் எடுத்துக்கொள்ளப் பிடிக்காது. தலையில் முடி நிறைய இருந்த காலத்தில், ஒரு கமிட்டிக் கூட்டம் முடிந்து எடுத்த படம் ஒன்று உண்டு. "இதையே போடு மாப்ள, நான் ஒண்ணும் பெருசா மாறிடல" என்பார். அந்தப் படத்தில் அவர் தோளில், ஓரத்துக்கு வெளியே நின்ற ஒருவரின் கை மட்டும் விழுந்திருக்கும். தங்க நிற வார் போட்ட கடிகாரம் கட்டிய, அகலமான கை. அது தண்டல் பெருமாளின் கை.

தண்டல் பெருமாள் எட்டாங்கட்டையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பியவர். தோட்டம் போன பிறகும் எல்லாருக்கும் அவர் தண்டலய்யாதான். மச்சானுக்கு முன் கோயில் தலைவர். மச்சான் அப்போது அவருக்குச் செயலாளர். நிழல் மாதிரிக் கூடவே இருப்பார்.

பிறகு தோட்டம் விற்கப்பட்டு, ஒரு பக்கம் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள் எழும்பின. சாமி ஊர்வலம் கோயிலை விட்டு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்று சண்டை வந்தது. இடது பக்கம் தோட்டத் தொழிலாளர் இருந்த பழைய லயம். வீடுகள் உண்டு, ஆட்கள் இல்லை. வலது பக்கம் தாமான். ஆட்கள் உண்டு, கார் நிறுத்த இடமும் உண்டு. தண்டலய்யா இடது என்றார். மச்சான் வலது என்றார். ஓட்டெடுப்பில் வலது ஜெயித்தது. அதன் பிறகு நாலு வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தண்டலய்யா போய்ச் சேர்ந்தும் விட்டார்.

"அந்தக் கை என் தோள்ல இருக்கக் கூடாது" என்று மச்சான் என்னிடம் சொன்னார்.

எப்படி எடுப்பது? கையை வெட்டினால் தோளும் சேர்ந்து வரும். என் திறமை அவ்வளவுதான். அதோடு, செத்த மனிதரின் கையை வெட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஒரு பழைய அம்மன் கழுத்திலிருந்து மாலையைக் கடன் வாங்கி, தனி லேயராக, மச்சான் தோளின்மேல் போட்டு மறைத்தேன். தலைவர் மாலையோடு கம்பீரமாகத் தெரிந்தார். அந்த மாலை வருடக்கணக்காக அங்கேயே கிடந்தது. அது மச்சானின் உடம்பிலேயே முளைத்தது என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

செய்த வைத்தியங்கள்

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். கண் மூக்கருகே நிற்கிறது. மணி ஒன்பதரை.

சூடானால் கணினி மெதுவாகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் வயிற்றுக்கு நேராக வைத்தேன். உள்ளேயிருந்து ஏழு வருடத் தூசி எழுந்து நேரே என் வாய்க்குள் வந்தது. அடியில் இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. சரசு அவற்றை ஒரு கரண்டியில் ஏந்திக்கொண்டு போய்ச் செம்பருத்திச் செடியடியில் வைத்துவிட்டு வந்தாள்.

ரேம் என்று சொல்கிற பச்சைத் தகட்டைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினால் வேகம் வரும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். ரப்பர் என்றதும் பரம்பரை வேலை ஆயிற்றே என்று உற்சாகமாகத் தேய்த்தேன். செருகிவிட்டுத் திறந்தேன். 'அடுத்த நோயாளியின் எண்?' என்று கேட்டது. ஒன்று என்றேன்.

கோப்பு திறக்க இருபது நிமிடம். திறந்த பிறகு பார்த்தால் கண் மறுபடியும் கன்னத்திலேயே இருந்தது.

சரசு விபூதியை எடுத்து வந்து திரைக்கு மேலே மூன்று கோடு இழுத்தாள். "இதுக்கு மேல நம்மால ஆவாது. ஆ வெங்கக் கூப்பிடுங்க" என்றாள்.

ஆ வெங் வந்தார்

ஆ வெங்கின் அப்பா எட்டாங்கட்டையில் மளிகைக் கடை வைத்திருந்த சீனர். எங்களோடு கோலி விளையாடி வளர்ந்ததால், ஆ வெங் பேசும் தமிழில் எங்களைவிடத் தோட்டத்து வாசனை அதிகம். இப்போது ஈப்போவில் கணினி பழுதுபார்க்கிறார். பத்தே முக்காலுக்கு வந்து, உட்கார்ந்து, இரண்டு தட்டுத் தட்டினார்.

"அண்ணே, டிஸ்க் ரொம்பிப் போச்சு. செவப்பாக் காட்டுது பாருங்க. இந்த சாப்ட்வேர் வேல செய்யணும்னா பக்கத்துல காலி எடம் வேணும்லா. அடுப்படி முழுக்கப் பானையா அடுக்கி வெச்சா அக்கா எப்டி சமைக்கும்?"

"நான் ரேம்னு நெனச்சேன்."

"ரேமும் பத்தாதுதான். அது அப்புறம். குப்பத்தொட்டியக் காலி பண்ணுவோம் மொதல்ல." அதைத் திறந்தார். "ஒண்ணுமே இல்லியே. நேத்துதான் கொட்டினீங்களா?"

"இல்ல. வாங்குனதுலேர்ந்து எதையும் போட்டதில்ல."

ஆ வெங் நாற்காலியைத் திருப்பி என்னை முழுசாகப் பார்த்தார். பிறகு பேனர் கோப்பின் லேயர் பட்டியலைக் கீழே உருட்டினார். உருட்டினார். இன்னும் உருட்டினார்.

"நானூத்திப் பன்னெண்டு. அண்ணே, இது கம்ப்யூட்டரா, கோயிலா?"

பதில் சொல்வதற்குள் எல்லா லேயருக்கும் கண்ணைத் திறந்துவிட்டார். மச்சான் முகத்தின்மேல் பிள்ளையார் வந்தார். பிள்ளையாரின்மேல் முனீஸ்வரர். அதன்மேல் அம்மன், அம்மன்மேல் அம்மன், கைகளாகவும் சூலங்களாகவும் திரை நிறைந்து வழிந்தது. இடையில் ஒரு பழைய பொருளாளர் கும்பிட்டபடி எட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டு வந்த சரசு, கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கணினி ஒரு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

நான் குப்பைத்தொட்டிக் கதையைச் சொன்னேன். ஆ வெங் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க வீட்லயும் அப்டித்தான்லா. பழைய சாமி செலைய எங்கம்மா குப்பையில போடாது. பெரிய மரத்தடியில கொண்டு வெச்சிட்டு, 'இனிமே நீங்க இங்க இருங்க'ன்னு சொல்லிட்டு வரும்." பையைத் துழாவி, கைக்கு அடக்கமான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். தனியாக இருக்கிற ஹார்ட் டிஸ்க். "இதான் மரம். எல்லாரையும் இதுக்குக் குடி மாத்திருவோம்."

இத்தனை வருடம் எனக்குத் தோன்றாதது இதுதான்.

"சரி, இப்பவே மாத்து" என்றேன்.

"இப்ப வேணாம்" என்றாள் சரசு. "பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்."

"சரசு, நாலு மணிக்கு..."

"நீங்க வீடு மாறுறதா இருந்தா ராகு காலத்துல மாறுவீங்களா?"

ஆ வெங் கையை மடியில் வைத்துக்கொண்டார். "அக்கா சொல்றது சரிதான் அண்ணே. அப்புறம் எதாச்சும் ஆனா என் கடை பேருதான் கெடும்."

குடி மாற்றம்

பன்னிரண்டு ஆகும்வரை மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சரசு ஹார்ட் டிஸ்க்கை ஒரு தாம்பாளத்தில் வெற்றிலைமேல் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

"ஒயர் குத்துற ஓட்டையில மட்டும் சந்தனம் வேணாங்க்கா" என்றார் ஆ வெங்.

பன்னிரண்டு அடித்ததும் கற்பூரம் காட்டினாள். ஆ வெங் கணினியை மறுபடி கிளப்பி ஒரு கட்டளையைத் தட்டினார். சாமிகள் கிளம்பினார்கள். 'மீதி நேரம்: இரண்டு மணி' என்றது திரை. பிறகு நாலு நிமிடம் என்றது. சந்தோஷப்பட்டு எழுந்தேன். ஒரு நாள் என்றது. உட்கார்ந்தேன்.

சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை என்பதால் சாம்பார். ஆ வெங் மூன்றாவது அப்பளத்தை நொறுக்கும்போது இரண்டரை மணி ஆகியிருந்தது. திரையும் 'முடிந்தது' என்றது.

இனி இங்கே இருப்பதை அழிக்க வேண்டும். என் விரல் அழிக்கும் பொத்தானின்மேல் நின்றது. சரசுவைப் பார்த்தேன்.

"அங்க போய்ச் சேந்துட்டாங்கன்னா இங்க இருக்கறது வெறும் நெழல்தானே" என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். "ஆனா நீங்க அழுத்தாதீங்க. ஒங்க இடுப்பு தாங்காது."

ஆ வெங் அழுத்துவதாக ஏற்றுக்கொண்டார். "அண்ணே, இந்த வருசத்துக்கு எது எது வேணும்னு மட்டும் சொல்லுங்க. மத்தது எல்லாத்தையும் எடுத்துர்றேன்."

நான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். இந்த வருட அம்மன். ஒட்டிய கண். இரண்டு குத்துவிளக்கு. எழுத்து. கமிட்டியில் ஐந்து பேர். அடியில் உபயக்காரர்கள் பெயர். ஒன்றையும் விடவில்லை என்று நினைத்தேன்.

அவர் கிளினிக்கின் நோயாளிப் பெட்டியையும் நிறுத்திவிட்டுக் கணினியை அணைத்துத் திறந்தார். அந்தப் பெட்டி வராதது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என்னை நலம் விசாரித்த ஒரே மெஷின் அது. ஆனால் பேனர் கோப்பு, நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திறந்துவிட்டது. அம்மன் கண்ணைப் பிடித்து இழுத்தேன். இழுத்த இடத்துக்கு வந்தது.

மறுபடி கீழே இழுத்தேன். வந்தது. மேலே. வந்தது. சரசுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"போதும், அம்மனுக்குத் தல சுத்தப் போவுது" என்றாள்.

அந்த வேகத்தில் எனக்குப் போதை ஏறிவிட்டது. கண்ணைச் சரியாகப் பொருத்தினேன். விளக்குச் சுடருக்கு மஞ்சள் கூட்டினேன். மூக்குத்திக்கு ஒரு மினுக்குப் போட்டேன். பேனரின் கீழ்ப் பகுதியை, கமிட்டி இருக்கும் இடத்தை, பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. மூன்று இருபதுக்குப் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். ஈப்போவின் எல்லாச் சிவப்பு விளக்கிலும் நின்று, நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் கடிகாரத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், பென்டிரைவை வாங்கிக்கொண்டார்.

என் பேட்ஜ் தப்பித்தது என்று வீடு வரைக்கும் பாடிக்கொண்டே வந்தேன்.

இருபதடியில் ஒரு கை

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கோயிலுக்குப் போனபோது பேனர் கட்டியாகிவிட்டது. அதன் முன்னால் ஒரு சின்னக் கூட்டம். அம்மனின் கண்ணைத்தான் பார்க்கிறார்கள் என்று பெருமையாக நெருங்கினேன். யாரும் அம்மனைப் பார்க்கவில்லை. எல்லாரும் கீழே, வலது மூலையில், தலைவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் தோளில் மாலை இல்லை. ஒரு கை இருந்தது. முறத்தளவு அகலம். தங்க நிற வார் போட்ட கடிகாரத்தோடு.

ஐந்து விரலும் இருந்தன. ஓட்டை இல்லை, மடிப்பு இல்லை. முப்பது வருடம் கை பார்த்தவன் நான்.

"தண்டலய்யா வந்துட்டாருடீ" என்று ஓர் அக்கா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னார். அவள் தலையிலிருந்து ஒரு முழம் மல்லிகையைக் கழற்றி, பேனர் கயிற்றில் அந்தக் கைக்கு நேராகச் செருகினாள். யாரோ கும்பிட்டார்கள்.

நான் பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டு அன்னதானக் கொட்டகைக்குப் பின்வாங்கி, பெரிய அண்டாவுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். ஆனால் என் உடம்பு அண்டாவுக்குப் பின்னால் மறைகிற உடம்பு இல்லை.

மச்சான் வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. பேனருக்கு முன்னால் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் பழைய கணினியில் ஒரு கோப்பு திறக்கிற நேரம் இருக்கும்.

"மாப்ள" என்றார், திரும்பாமலே. "அண்டாவுக்குப் பின்னாடிலேர்ந்து வெளிய வா."

போனேன்.

"இந்தக் கைய யாரு வெச்சது?"

"அது வந்து மச்சான், கம்ப்யூட்டரு ரொம்ப ஸ்லோவா..."

"இந்த வாட்ச் நான் வாங்கிக் குடுத்தது" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "செயலாளரானப்ப, மொத தீபாவளிக்கு. நாலு வருசம் பேசல. கழட்டிருப்பாருன்னுதான் நெனச்சேன். சாவு வூட்ல போயிப் பாக்குறேன், கையில கெடக்கு."

நான் பேட்ஜை மூடியிருந்த கையைக் கீழே இறக்கினேன்.

மச்சான் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. பிறகு கழுத்தைச் சாய்த்துப் படத்தை அளந்தார்.

"அடுத்த வருசமும் இருக்கட்டும். ஆனா கொஞ்சம் சின்னதாக்கு. என் மூஞ்சியவிடக் கை பெருசாத் தெரியுது."

அன்று மாலை ரதம் கோயில் வாசலை விட்டு வெளியே வந்ததும், வழக்கம்போல் வலது பக்கம் திரும்பப் போன, ரதத்தை இழுக்கும் லாரியின் ஓட்டுநரை மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார். "மொதல்ல லெஃப்ட்ல ஒரு சுத்துப் போயிட்டு வரலாம். அஞ்சு நிமிசந்தான்லா" என்றார். ஆளில்லாத லயத்து வாசல்களைக் கடந்து ரதம் போனது. அன்று வரிசையில் நிற்காமல் நான் மூன்று முறை சாப்பிட்டேன்.

அந்தக் கையை வேண்டுமென்றே யோசித்து வைத்தவன் நான் என்று ஊரே இன்றுவரை நம்புகிறது. நானும் மறுத்ததில்லை. உண்மையை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். மச்சான் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறவர். பேட்ஜ் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

கை இன்னும் பேனரில் இருக்கிறது. மச்சானும் ஒவ்வொரு வருடமும், "இன்னும் ஒரு சுத்துச் சின்னதாக்கு மாப்ள" என்கிறார். சின்னதாக்குகிறேன். பழைய அளவுக் கையை என்ன செய்வது? தண்டலய்யாவின் கையைக் குப்பையில் போட முடியுமா? கண்ணை மூடி உள்ளேயே வைத்துவிடுகிறேன். ஒவ்வோர் அளவிலும் நாலைந்து செய்து பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். அவையும் உள்ளேதான்.

போன வாரம் இந்த வருட அம்மனின் மூக்குத்தியைக் கொஞ்சம் நகர்த்தினேன். நீல வட்டம் வந்தது. ஆ வெங்கைக் கூப்பிட்டேன். வந்து பட்டியலை உருட்டினார். கண்களைத் திறந்தார். திரை முழுக்கக் கடிகாரம் கட்டிய கைகள், பெரியதிலிருந்து சிறியதுவரை, வரிசை வரிசையாக வந்து நின்றன.

"அண்ணே" என்றார் ஆ வெங். "இப்ப இது கோயில் இல்ல. ஒங்க பழைய பேக்டரி."

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில், முதல் கையிலிருந்து விரல்களை எண்ண ஆரம்பித்தேன்.